ஹாமில்டன் நாடகமும் நம் இரு மனமும்

நாடகத்தின் வாயிலாக வரலாறு கற்பது நமக்குப் புதிதன்று. நம்முள் பலர் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பாடநூலில் சந்திக்கும் முன்பே, 1959-இல் வெளிவந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசனின் குரலில் சந்தித்துவிட்டோம். அந்தக் குரலைச் செவியினின்று அகற்றிவிட்டு, ஏடுகளில் உள்ள கட்டபொம்மனைத் தனியே எண்ணிப் பார்ப்பது இன்றும் எளிதாக இல்லை. ஒருமுறை மேடையேறிவிட்ட மனிதன் வரலாற்றாசிரியர் கைக்குத் திரும்புவது அரிது. ஆகவேதான், புகழ் பெற்ற வரலாற்று நாடகம் எதுவாயினும், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது நம் கடமையாகிறது.

இம்மாதம் இப்பகுதிக்கு நாம் எடுத்துக்கொள்வது 'ஹாமில்டன்' என்னும் அமெரிக்க இசை நாடகம். கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதன் பாட்டுகள் பெற்றோர் செவியிலும் விழுந்திருக்கும். 2015-இல் நியூயார்க்கில் அரங்கேறிய இந்நாடகத்தை, அதன் முதல் நடிகர்களைக் கொண்டே 2016 ஜூன் மாதத்தில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். 2020 ஜூலை 3 அன்று அப்படம் டிஸ்னி பிளஸ் வழியாக வெளிவந்தது. நாடகக் கொட்டகைக்குப் போக இயலாத கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தபடியே கண்டனர். நாமும் அவ்வாறு கண்டவர்களே. கண்டு மகிழ்ந்தோம், ஒரு முறைக்கு மேலும் கண்டோம். ஆயினும் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு ஒரு நெருடலும் உடன் வந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கதை. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் கரீபியக் கடலில் உள்ள நீவிஸ் என்னும் சிறு பிரிட்டிஷ் தீவில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1755 என்பாரும் 1757 என்பாரும் உண்டு. தாயும் தந்தையும் முறைப்படி மணந்துகொண்டவர்கள் அல்லர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டார். 1768-இல் தாய் காய்ச்சலில் மாண்டார். அநாதையான சிறுவன் செயின்ட் குரோய் தீவில் ஒரு வணிக நிலையத்தில் எழுத்தராக அமர்ந்தான். 1772-இல் அத்தீவைக் கொடும்புயல் அழித்தது. அதைப் பற்றி அவன் எழுதிய கடிதம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியாயிற்று. அந்த எழுத்தின் ஆற்றலைக் கண்டு வியந்த பெரியவர்கள் பொருள் திரட்டி அவனைப் படிப்பதற்காகக் கப்பலேற்றினார்கள்.

பின் நிகழ்ந்தது பலரும் அறிந்த வரலாறு. ஹாமில்டன் விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் அணுக்கத் துணைவரானார். புதிய அரசியலமைப்பை மக்கள் ஏற்கும்படி எழுதப்பட்ட 85 கட்டுரைகளில் 51 கட்டுரைகள் அவருடையவை. 1789 முதல் 1795 வரை நாட்டின் முதல் நிதியமைச்சராக இருந்தார். 1797-இல், பிறன்மனைவியோடு தமக்கு ஏற்பட்ட தொடர்பைத் தாமே அச்சிட்டு வெளியிட்டு மானம் இழந்தார். 1801-இல் மூத்த மகனைத் துப்பாக்கிப் போட்டி ஒன்றில் பறிகொடுத்தார். 1804 ஜூலை 11 அன்று ஆரன் பர் என்னும் அரசியல் எதிரியோடு அதேபோன்ற போட்டியில் நின்று குண்டடிபட்டு, மறுநாள் இறந்தார். அவர் மனைவி எலைசா அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, அநாதைக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்து, கணவரின் எழுத்துகளைச் சேகரித்து, 1854-இல் கண்மூடினார்.

இக்கதையை நாடகமாக்கியவர் லின்-மானுவல் மிராண்டா. 1980-இல் நியூயார்க்கில் பிறந்தவர்; பெற்றோர் போர்ட்டோ ரிக்கோ தீவினர். 2008-இல் விடுமுறைக்குச் சென்றபோது, ரான் செர்னோவ் 2004-இல் எழுதி வெளியிட்ட ஹாமில்டன் வரலாற்று நூலைக் கையோடு எடுத்துச் சென்றார். படித்த மாத்திரத்தில், இது எழுத்தாற்றல் ஒன்றையே துணையாகக் கொண்டு வறுமையினின்று மேலேறியவனின் கதை, ஆதலால் சொல்லிசையின் கதை என்று அவருக்குத் தோன்றிற்று. 2009 மே மாதத்தில் வெள்ளை மாளிகையில் ஒபாமா தம்பதியர் முன்னிலையில் முதற்பாட்டைப் பாடிக் காட்டினார். முதலில் அவையினர் நகைத்தனர். முடிவில் எழுந்து நின்று கைதட்டினர். மேலும் ஆறாண்டு உழைப்புக்குப் பின், 2015 ஆகஸ்ட் 6 அன்று நாடகம் ப்ராட்வேயில் ரிச்சர்ட் ராஜர்ஸ் அரங்கில் தொடங்கிற்று. மறு ஆண்டு நாடகத்துக்கான புலிட்சர் பரிசும், பதினொரு டோனி விருதுகளும் அதற்குக் கிட்டின.

சொல்லிசை என்பதைப் பற்றி மூத்த வாசகர்களுக்கு ஒரு சொல். தாளத்தின் மீது விரைந்து பேசும் பேச்சு அது. பாட்டுக்கும் உரைக்கும் இடைப்பட்டது. 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், பெரும்பாலும் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களிடையே பிறந்தது. எதுகை, மோனை, இயைபு ஆகியவற்றில் பழகிய தமிழ்ச் செவிக்கு அதன் இன்பம் எட்டாததன்று. ஓர் ஒலியைப் பிடித்துக்கொண்டு பத்து வரிகளுக்கு அதையே வெவ்வேறு சொற்களில் திருப்பித் திருப்பி வைப்பதில் மிராண்டா வல்லவர். இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 20,000 சொற்கள் பாடப்படுகின்றன. நிதித்துறை பற்றிய அமைச்சரவை விவாதம் இரு கவிஞர்களின் வாதுப் போர் போல நிகழ்கிறது. கதையைச் சொல்லிச் செல்பவனோ நாயகனைக் கொன்ற ஆரன் பர்ரே. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் பணியை இங்கே எதிரி செய்கிறான். வஞ்சகனாக அன்றி, தயங்கித் தயங்கி வாய்ப்பை இழந்தவனாக அவன் தன் கதையையும் சேர்த்துச் சொல்லும்போது நம் மனம் இளகிவிடுகிறது.

நாடகத்தின் பெரும்புதுமை நடிகர் தேர்வில் உள்ளது. வாஷிங்டன், ஜெஃபர்ஸன், மாடிசன், பர் முதலிய வெள்ளையர் பாத்திரங்களைக் கறுப்பின நடிகர்களும், ஹாமில்டனை மிராண்டாவும் ஏற்றனர். முதன்மைப் பாத்திரங்களுள் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒருவரை மட்டுமே வெள்ளை நடிகர் நடித்தார். அன்றைய அமெரிக்காவின் கதையை இன்றைய அமெரிக்கா சொல்கிறது என்பது ஆசிரியர் தரும் விளக்கம்.

இதன் பொருளைப் புலம்பெயர்ந்தோர் உடனே உணர்வர். ஒரு நாட்டின் மூதாதையர் யார்? அந்நாட்டில் பிறந்து, உழைத்து, வரி கட்டி வாழும் ஒருவன், தன் குலத்தில் பிறவாத ஒரு தலைவனை 'என் முன்னோன்' என்று உரிமை கொண்டாடலாமா? கொண்டாடலாம் என்று இம்மேடை துணிந்து கூறுகிறது. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை பள்ளி ஆண்டு விழாவில் மராத்திய வீரனாக வேடம் பூண்டு, மராத்தியில் பிழையின்றி முழங்கும்போது, அவையில் அமர்ந்திருக்கும் தாய்க்கு என்ன தோன்றும்? பெருமை தோன்றும், 'இவ்வூர் இவனை ஏற்றுக்கொண்டது' என்ற நிம்மதியும் தோன்றும். அதே உணர்ச்சியின் பேருருவைத்தான் ஹாமில்டன் மேடையில் காண்கிறோம். அடிமைகளின் வழித்தோன்றல்கள் அந்நாட்டின் நிறுவனர்களாக நிமிர்ந்து நிற்கும் காட்சி எளிதில் மறக்கக் கூடியதன்று. எத்தனை குறை சொன்னாலும் அந்தப் பேறு அந்நாடகத்துக்கு உண்டு.

இனிக் குறைகளைக் கூறுவோம். நாடக ஆசிரியன் நாள்களையும் நிகழ்ச்சிகளையும் மாற்றுவதை நாம் பெரிதாகக் கொள்வதில்லை. எலைசாவின் தமக்கை ஆஞ்சலிக்கா தங்கைக்காக ஹாமில்டனை விட்டுக்கொடுத்ததாக நாடகம் காட்டுகிறது. உண்மையில் ஹாமில்டன் எலைசாவை மணம் பேசும்போது ஆஞ்சலிக்கா ஏற்கெனவே மணமானவர். தகாத தொடர்பு பற்றி ஹாமில்டனை நேரில் கேட்டவர்களாக ஜெஃபர்ஸன், மாடிசன், பர் மூவரும் வருகிறார்கள். உண்மையில் சென்றவர்கள் ஜேம்ஸ் மன்ரோ உள்ளிட்ட வேறு மூவர். இவை கதையின் ஓட்டத்துக்காகச் செய்தவை; செய்துவிட்டுப் போகட்டும்.

நம்மை உறுத்துவது வேறு. மேடை முழுதும் கறுப்பின நடிகர்கள் நிறைந்திருக்கிறார்கள். கதையிலோ கறுப்பின மனிதர் ஒருவர்கூட வாய்திறந்து பேசுவதில்லை. அடிமை முறை என்ற சொல் இல்லாமலில்லை. முதற்பாட்டிலேயே அது வருகிறது. ஜெஃபர்ஸனை ஹாமில்டன் அதைக் கொண்டே இடித்துரைக்கிறார். கறுப்பினப் படைப்பிரிவு அமைக்க விரும்பிய ஜான் லாரன்ஸ் பேசப்படுகிறார். இறுதியில் எலைசாவும் அதை நினைவுகூர்கிறார். ஆனால் அடிமைப்பட்ட மனிதருக்கு ஒரு பெயர், ஒரு முகம், ஒரு பாட்டு என்று எதுவும் இல்லை. ஜெஃபர்ஸன் பிரான்சிலிருந்து திரும்பும் காட்சியில் சாலி என்ற பெயர் ஒரு வரியில் வந்து மறைகிறது. வரலாறு அறிந்தோர்க்கு அப்பெயரின் பாரம் தெரியும். ஜெஃபர்ஸனின் அடிமையாயிருந்து அவருக்கே பிள்ளைகள் பெற்ற சாலி ஹெமிங்ஸ் அவர். அறியாதோர்க்கு அது ஒரு பணிப்பெண்ணின் பெயர், அவ்வளவே.

இடம் கிடைத்திருந்தால் யாரை மேடையேற்றியிருக்கலாம்? வெகுதூரம் தேட வேண்டியதில்லை. நாடகத்தில் ஹெர்க்குலிஸ் மல்லிகன் என்னும் தையற்காரர் ஆரவாரத்தோடு வந்து, பிரிட்டிஷ் படையினரை உளவறிந்த பெருமையைப் பேசுகிறார். அவ்வுளவுச் செய்திகளைச் சுமந்து எதிரிகளின் காவலைக் கடந்து சென்றவர் கேட்டோ என்ற அடிமை. உயிரைப் பணயம் வைத்தவருக்கு மேடையில் இடமில்லை. அவருடைய எசமானருக்கு உண்டு.

எண்களையும் கேளுங்கள். 1799-இல் வாஷிங்டன் இறந்தபோது அவருடைய மவுன்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். ஜெஃபர்ஸன் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்டோரை உடைமையாக வைத்திருந்தார். எலைசாவின் தந்தை பிலிப் ஸ்கைலர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். ஆகவே அந்த அழகிய திருமணக் காட்சியில் விருந்து பரிமாறிய கைகள் யாருடையவை என்று கேட்பது குதர்க்கமாகாது. 1790-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நியூயார்க் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 21,000 அடிமைகள். ஹாமில்டன் அடிமை விடுதலைச் சங்கம் ஒன்றில் உறுப்பினராக இருந்தது உண்மை. அவரும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார் என்று 2020-இல் ஸ்கைலர் மாளிகையைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் கணக்கேடுகளையும் கடிதங்களையும் காட்டி எழுதினார். ஹாமில்டனின் அடிமை எதிர்ப்புப் பணிகளை அக்கட்டுரை போதிய அளவு கருதவில்லை என்பது செர்னோவின் மறுப்பு. அவ்வழக்கு எப்படித் தீர்ந்தாலும், அவரைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை எதன்மேல் எழுந்தது என்பதில் ஐயமில்லை.

நியூயார்க் செல்லும் நாடக அன்பர்கள் வால் வீதியின் முனையில் உள்ள டிரினிட்டி ஆலயத் தோட்டத்தில் ஹாமில்டன் கல்லறையைக் கண்டு மலர் வைக்கிறார்கள். அங்கிருந்து ஒரு மைலுக்குள் இன்னொரு மயானம் இருக்கிறது. 1991-இல் அரசாங்கக் கட்டடம் ஒன்றுக்குக் கடைக்கால் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. 419 உடல்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே ஏறத்தாழ 15,000 ஆப்பிரிக்கர்கள் புதைக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. 2006-இல் அது தேசிய நினைவிடமாயிற்று. ஒரே ஊரின் ஒரே காலத்து இரு மயானங்கள் இவை. நாடகம் ஒன்றுக்கு மட்டுமே வழி காட்டுகிறது.

இக்குறைகளை முதலில் எடுத்துரைத்தவர்கள் அந்நாட்டு அறிஞர்களே. லைரா மான்டேரோ என்னும் வரலாற்றாசிரியர் 2016-இல், நடிகர்களின் நிறமே கறுப்பினத்தாரின் கடந்த காலத்தை மறைக்கும் திரையாகிவிட்டது என்னும் கருத்தில் விரிவாக எழுதினார். மூத்த கறுப்பின எழுத்தாளர் இஷ்மேல் ரீட் 2019-இல் மறுப்பு நாடகமே அரங்கேற்றினார். அதில் அடிமைகளும் பழங்குடியினரும் ஆவிகளாகத் தோன்றி மிராண்டாவை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள். மிராண்டா சினம் கொள்ளாமல், விமரிசனங்கள் ஏற்கத்தக்கவையே, கிடைத்த நேரத்தில் தம்மால் இயன்றதைச் செய்ததாக 2020-இல் விடை கூறினார். அது பண்பான விடை. 1790-இல் அடிமை வாணிகத்தை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு வந்த விண்ணப்பத்தைப் பற்றி அவர் ஒரு வாதுப் பாட்டு எழுதியதும், கதையின் ஓட்டத்துக்குத் தடையென்று அதை நீக்கியதும் உண்மை. தலைவர்கள் ஒருவரும் அப்பொருளில் துணிந்து எதுவும் செய்யவில்லையே! ஓட்டம் தடைப்படும் இடத்தில்தான் அந்நாட்டு வரலாற்றின் முள் இருக்கிறது என்பது நம் எண்ணம்.

இரண்டாவது உறுத்தல், ஹாமில்டனைப் புலம்பெயர்ந்தோரின் நாயகனாகக் காட்டுவது. யார்க்டவுன் போர்க்காட்சியில், அயலூரில் பிறந்த ஹாமில்டனும் பிரான்சு நாட்டு லாஃபயெட்டும் வந்தேறிகளின் திறமையைப் பற்றிப் பெருமிதத்தோடு ஒரு வரி சொல்கிறார்கள். அவ்வரி வந்ததும் அரங்கம் ஆர்ப்பரிக்கும். அதைக் கேட்டு நம் நெஞ்சும் துள்ளியது. ஆயினும் வரலாறு என்ன சொல்கிறது? பிரிட்டிஷ் தீவில் பிறந்து பிரிட்டிஷ் குடியேற்றத்துக்கு வந்த அவர் தம்மை அயலாராகக் கருதியிருக்க வேண்டிய தேவையே குறைவு. 1802-இல், புதிதாக வருவோர்க்குக் குடியுரிமையை எளிதாக்க வேண்டும் என்று ஜெஃபர்ஸன் கூறியபோது, அதை எதிர்த்துப் புனைபெயரில் கட்டுரைகள் எழுதியவர் இதே ஹாமில்டன்! வெளியாரின் திரள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் குலைக்கும் என்பது அவர் வாதம். அக்குரலை நாமும் அறிவோம். வந்த ஊரில் வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்த நம் முந்தைய தலைமுறையினர் அதைச் செவியாரக் கேட்டவர்கள். முதலில் வந்து இடம் பிடித்தவன் பின்னால் வருபவனைப் பார்த்துக் கதவைச் சாத்தும் வழக்கம் எல்லா ஊர்களிலும் உண்டு. நம்மவரிடையேயும் உண்டு. அந்தக் கசப்பான உண்மையைச் சொல்ல அருமையான வாய்ப்பு ஹாமில்டனின் வாழ்க்கையிலேயே இருந்தது. நாடகம் அதைத் தொடவில்லை.

மூன்றாவதாக, இந்நாடகத்தின் பெரும்புகழே நம்மைச் சற்றுத் தயங்க வைக்கிறது. ஒபாமாவும் இதை மெச்சினார். எதிர்முகாமைச் சேர்ந்த டிக் செனியும் பார்த்து மகிழ்ந்தார். தாமும் செனியும் ஒத்துக்கொள்ளும் ஒரே பொருள் இதுதான் என்று ஒபாமா வேடிக்கையாகக் கூறினார். பின்னர்க் காலம் கசந்தது. 2016 நவம்பரில், துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த மைக் பென்ஸ் நாடகம் காண வந்தபோது நடிகர்கள் மேடையிலிருந்து அவருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தனர். 2025 மார்ச்சில், வாஷிங்டன் கென்னடி மையத்தின் நிருவாகம் அரசியல் மாற்றத்துக்கு உள்ளானதை ஒட்டி, 2026-இல் அங்கே நடைபெறவிருந்த காட்சிகளை நாடகத்தார் தாமே விலக்கிக்கொண்டனர். அந்தத் துணிவைப் பாராட்டுகிறோம். ஆனால் நாடகத்தின் உள்ளே அத்தகைய துணிவு குறைவு. எல்லாரையும் ஒருங்கே மகிழ்விக்கும் வரலாறு, யாருக்கும் வலிக்காதபடி சமைக்கப்பட்டதோ என்ற ஐயம் எழாமல் இராது.

நுழைவுச் சீட்டின் கதையும் இத்தகையதே. 2016-இல் சிறப்பு இருக்கைகளின் விலை 849 டாலராக உயர்ந்தது. ஏழைகளின் கலையில் ஏழைச் சிறுவனின் கதை, செல்வர் மட்டும் காணும் பொருளாயிற்று. நாடகத்தார் இதை உணராமலில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் குலுக்கல் முறையில் சில இருக்கைகளைப் பத்து டாலருக்குத் தந்தனர். அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு எளிய குடும்பங்களைச் சேர்ந்த 20,000 மாணவர்கள் பத்து டாலரில் காண வழி செய்தனர். அதற்காக அவர்களை வாழ்த்தத்தான் வேண்டும்.

இப்போது நம் வாசகர்களுக்கு நெருக்கமான செய்திக்கு வருவோம். போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917 முதல் அமெரிக்கக் குடியுரிமை உண்டு. ஆகவே அத்தீவிலிருந்து நியூயார்க் வருவோர்க்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. அவர்கள் ஒரே நாட்டுக்குள் இடம் மாறியவர்கள். எனினும் மொழி வேறு, உணவு வேறு. அண்டை வீட்டார் பார்வையில் அவர்கள் வெளியூரார். சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்த நம் நிலை இதுதானே? சட்டப்படி சொந்த நாடு. தெருவில் இறங்கினால் 'எந்த ஊர்?' என்ற கேள்வி.

மிராண்டா அந்தக் கதையையும் எழுதியிருக்கிறார் என்பதைப் பலர் அறியார். 'இன் தி ஹைட்ஸ்' என்ற அவருடைய முதல் இசை நாடகம், வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் வாழும் கரீபிய, தென்னமெரிக்கக் குடும்பங்களைப் பற்றியது. மூலைக் கடைக்காரன், பேரப்பிள்ளைகளைப் போல எல்லாரையும் பேணும் பாட்டி, கல்லூரிக் கட்டணத்தால் தத்தளிக்கும் பெண் ஆகியோரே அதன் மாந்தர். 2008-இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது பெற்று, 2011 வரை ப்ராட்வேயில் நடந்தது. நல்ல வெற்றிதான். ஆனால் 'ஹாமில்டன்' எழுப்பிய பேரலையில் ஒரு சிறு பங்கும் அதற்கு இல்லை. தம் குடும்பங்களின் கதையைத் தம் வாயால் சொன்னபோது ஊர் பாராட்டிற்று. ஊரின் நிறுவனர் கதையைத் தம் வாயால் சொன்னபோது ஊர் தலையில் வைத்துக் கூத்தாடிற்று. புலம்பெயர்ந்தோர் அனைவரும் நின்று எண்ண வேண்டிய செய்தி இது.

நம் பிள்ளைகளுக்கும் இதே பரிசுதான் நீட்டப்படுகிறது. அயல்மொழியில் அயலார் பெருமையைப் பிழையறப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். பாட்டன் எந்த ஊரில் எந்தக் கடனுக்காக நிலத்தை விற்றுவிட்டு ரயிலேறினான், பாட்டி எந்தத் தெருவில் இட்லி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள் என்று சொன்னால் கேட்போர் குறைவு. முன்னதைக் கற்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வாழும் ஊரின் வரலாற்றை நம்முடையதாக ஏற்கத்தான் வேண்டும். பின்னதை மறந்துவிடாதிருக்க வேண்டும் என்பதே நம் கவலை. 2018-இல் வந்த 'காலா' திரைப்படத்தில் தாராவி இளைஞர்களின் சொல்லிசை ஒலித்தது. நிலத்துக்கும் குடியிருப்புக்கும் போராடும் மக்களின் கதை, அதே மக்களின் தெருவிலிருந்து எழுந்த குரலில் கேட்டது. அவ்விளைஞர்கள் யார் வேடத்தையும் பூண வேண்டியிருக்கவில்லை. சொல்லிசையின் மூலப் பயன் அதுவே என்று தோன்றுகிறது.

ஹாமில்டனின் சாதனைகளுள் தலையாயது கடன் பற்றியது என்பதை நினைவுகூர்ந்து முடிப்போம். விடுதலைப் போருக்காக மாநிலங்கள் பட்ட கடன் ஏறத்தாழ 2.5 கோடி டாலர் என்று அவர் மதிப்பிட்டார். அக்கடன் முழுவதையும் புதிய மைய அரசு தன் தலைமேல் ஏற்க வேண்டும் என்று 1790-இல் வற்புறுத்தினார். 'நாங்கள் வாங்காத கடனை நாங்கள் ஏன் தீர்ப்பது?' என்று ஜெஃபர்ஸன் தரப்பார் கேட்டார்கள். ஒரு நாடாக இருக்க வேண்டுமாயின் செல்வத்தைப் போலவே கடனும் பொது என்பது ஹாமில்டன் தந்த விடை. அவ்விவாதத்தை மிராண்டா அற்புதமாக மேடையேற்றியிருக்கிறார்.

அந்த அளவுகோலையே நாடகத்தின் மீதும் வைத்துப் பார்க்கிறோம். ஒரு நாட்டின் முன்னோரை நம் முன்னோராக ஏற்பவர்கள், அவர்கள் விட்டுச் சென்ற பெருமையோடு அவர்கள் தீர்க்காமல் போன கடனையும் ஏற்க வேண்டும். 'ஹாமில்டன்' பெருமையை எல்லாருக்கும் பொதுவாக்கிற்று. அது சிறிய செயலன்று. கடனேட்டை மட்டும் திறவாமல் வைத்துவிட்டது. அதைத் திறந்து படிக்கும் வேலை பார்வையாளராகிய நமக்கு மிஞ்சுகிறது.

ஆதலால் பிள்ளைகள் இந்நாடகத்தைப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் வருந்த வேண்டியதில்லை. உடன் அமர்ந்து தாமும் பார்க்கட்டும். சொல்லின் விரைவு முதலில் திகைப்பூட்டினாலும் இரண்டாம் முறை பிடிபடும். பார்த்து முடிந்தபின் கேட்டோ யார், சாலி யார் என்று கேட்கட்டும்; பிள்ளைகள் தேடிச் சொல்வார்கள். அதே மாலையில் நம் வீட்டு மூத்தோர் ரயிலேறி வந்த கதையையும் கேட்க வைத்தால் மிகவும் நல்லது. அக்கதைகளை எழுதி அனுப்புவோர்க்கு இவ்விதழின் பக்கங்கள் எப்போதும் திறந்திருக்கின்றன. தாளத்தோடு சொல்லத் தெரிந்த இளைஞர்கள் வரும் பொங்கல் விழா மேடையில் சொல்லட்டும். கேட்க நாம் ஆவலாய் இருக்கிறோம்.